"ஒண்ணே ஒண்ணு சாப்பிடுப்பா!" - ஓசூர் பண்டிகையும் சர்க்கரை வியாதியும்

ஓசூருக்குப் பண்டிகை தனியாக வருவதில்லை. படையோடு வருகிறது!

விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை. ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, லட்டு. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். கார்த்திகைக்குப் பொரி உருண்டை. கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் கேக். தை பிறந்தால் ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல். அதே நாளில் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் தட்டில் எள்ளும் வெல்லமும். அப்புறம் சந்திரசூடேஸ்வரர் தேர். தேர் நிலைக்கு வந்த கையோடு யுகாதி. தெலுங்கு வீட்டிலிருந்தும் ஒப்பட்டு, கன்னட வீட்டிலிருந்தும் ஒப்பட்டு. நடுவில் ரம்ஜான் வந்தால் பிரியாணியும் சேமியாவும்.

மற்ற ஊரில் ஒரு மொழிக்காரர் பண்டிகை. எல்லையில் மூன்று மொழிக்காரர் பண்டிகை. ஆவணியில் ஆரம்பித்தால் பங்குனி வரை 8 மாதம் வாய்க்கு ஓய்வே கிடையாது.

இங்கேதான் சர்க்கரை வியாதிக்காரர் மாட்டிக் கொள்கிறார். "பண்டிகை நாளில் மட்டும்தானே? மற்ற நாளில் கட்டுப்பாடாத்தான் இருக்கேன்" என்கிறார். வருடத்தில் 8 மாதம் பண்டிகை என்றால், அந்த "மற்ற நாள்" எங்கே இருக்கிறது?

10 கோடிப் பேர்!

சர்க்கரை வியாதியைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை டாக்டர்களோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள். கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். நாட்டின் சராசரியைவிடத் தமிழ்நாட்டில் அதிகம்.

ஓசூரின் கதை இதில் தனி. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980களில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய பாக்டரிகள் காலூன்றின. ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் லேத் பிடித்தார்கள். வெயிலில் நாள் முழுக்க உழைத்த உடம்புக்கு இரண்டு உருண்டைக் களி போதவில்லை. மெஷின் முன்னால் 8 மணி நேரம் நிற்கிற உடம்புக்கும் அதே இரண்டு உருண்டை. வேலை மாறியது, தட்டு மாறவில்லை. கூடவே மூன்று ஷிப்டு, பேக்கரி, பரோட்டா, மாதத் தவணையில் பைக். நடையும் போச்சு.

டீக்கணக்குப் பாருங்க!

பண்டிகை லட்டு எல்லோர் கண்ணிலும் படுகிறது. தினமும் குடிக்கிற டீ யார் கண்ணிலும் படுவதில்லை.

ஷிப்டுக்கு முன்னால் ஒரு டீ. கேண்டீனில் இரண்டு. பஸ் ஸ்டாண்டில் ஒன்று. வீட்டுக்கு வந்து ஒன்று. ஆக 5 டீ. கிளாசுக்கு 2 ஸ்பூன் என்றால் 10 ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்று குறைத்துப் போட்டாலும் 40 கிராம்!

சர்க்கரை வியாதி இல்லாதவரே ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலகாரத்தில் கை வைப்பதற்கு முன்பே டீக்கடையில் கணக்குத் தீர்ந்து போகிறது.

ஆகவே தீபாவளிக்கு ஒரு துண்டு மைசூர்பாகு தின்ன ஆசையா? அந்த வாரம் முழுக்க டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். முதல் மூன்று நாள் நாக்கு சண்டை போடும். நாலாம் நாள் அடங்கிவிடும். "மாஸ்டர், சக்கரை இல்லாம ஒண்ணு" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

மாத்திரைத் தந்திரம் வேண்டாம்

பண்டிகை நாளில் சர்க்கரைக்காரர்கள் சிலர் இரண்டு தந்திரம் செய்கிறார்கள். இரண்டும் ஆபத்து.

முதல் தந்திரம்: "மத்தியானம் விருந்து இருக்கு, காலையில பட்டினி கிடந்தா சரியாப் போயிடும்." மாத்திரையை மட்டும் முழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார். சில மாத்திரைகளும் இன்சுலினும் வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. சர்க்கரையை இறக்கிக் கொண்டே போகும். ரத்தத்தில் 70க்குக் கீழே வந்துவிட்டால் வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். படபடக்கும். கண் மங்கும். பேச்சு குழறும். பிரஸ் மெஷின் முன்னால் நிற்கும்போது இப்படி ஆனால் விரல் போகும். நான்கு வழிச் சாலையில் பைக்கில் வரும்போது ஆனால் உயிரே போகும்.

இதில் இன்னொரு கொடுமை. தடுமாறுகிறவரைப் பார்த்து, "காலங்காத்தாலே போட்டுட்டு வந்திருக்கான்" என்று ஒதுங்கிப் போகிறார்கள். சுகர்காரர் ஒருவர் வியர்த்து உளறினால் முதலில் 3 ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது தந்திரம் இதற்கு நேர் எதிர். "ஸ்வீட் சாப்பிடப் போறோம், ரெண்டு மாத்திரையாப் போட்டுக்குவோம்." அல்லது, "பண்டிகை முடியட்டும், அப்புறம் மாத்திரையை ஆரம்பிக்கலாம்." மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. லட்டின் எண்ணிக்கையைப் பார்த்து அளவு மாற்ற அது உப்பு, புளி அல்ல.

பண்டிகைக்கு 10 நாள் முன்னாலேயே டாக்டரிடம் போய், "நைட் ஷிப்டு மாறுது, ஊருக்குப் போறேன், விருந்து இருக்கு, மாத்திரை எப்படிப் போடணும்?" என்று கேட்பவரே கெட்டிக்காரர். ஊருக்குப் போகிற பையில் பட்டுச் சட்டைக்கு முன்னால் மாத்திரை அட்டையை வைக்க வேண்டும்.

வெல்லம் நல்லதாம்... யார் சொன்னது?

"சர்க்கரைதான் கெடுதல். இது நாட்டுச் சர்க்கரை, இது வெல்லம், இது தேன். தைரியமாச் சாப்பிடு!"

வெல்லத்திலும் பெரும்பங்கு சர்க்கரைதான். நிறம் மாறினால் குணம் மாறாது. தேனும் அப்படியே. ரத்தத்துக்கு வெள்ளையும் தெரியாது, பழுப்பும் தெரியாது. கார்த்திகைப் பொரி உருண்டையில் பொரியும் வேகமாக ஏற்றும், வெல்லப் பாகும் ஏற்றும். இரட்டை அடி!

"சுகர் ஃப்ரீ" என்று எழுதிய இனிப்புக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரை போடவில்லை, சரி. கோவா? நெய்? முந்திரி? பேரீச்சம்பழம்? ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி. ஒரு கிராம் நெய்யில் 9. பெட்டியில் எழுதியிருக்கிறதே என்று அரைக் கிலோவை உள்ளே தள்ளினால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

களி நல்லதுதான். ஆனால்...

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரரிடம் சுகர் என்று சொன்னால் உடனே வருகிற பதில், "நமக்கென்ன பயம்? ராகி சாப்பிடுறோம்!"

பாதி உண்மை. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம். 100 கிராம் வெள்ளை அரிசியில் நார் 3 கிராம்தான். கேழ்வரகில் சுமார் 11 கிராம். சுண்ணாம்புச் சத்தும் நிறைய. ஆனால் மாவுச்சத்து? அரிசியில் 100க்கு 78 கிராம் என்றால் கேழ்வரகில் சுமார் 70 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை! அதுவும் மாவாக நைய அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரமே ரத்தத்தில் ஏறிவிடும்.

அதனால் களியை விட வேண்டாம். உருண்டையைச் சிறிதாக்குங்கள். கிரிக்கெட் பந்து அளவு உருண்டை இரண்டு தின்றவர், ஒன்றோடு நிறுத்தட்டும். வயிறு நிறைய வேண்டுமா? தட்டில் காயும் பயறும் ஏறட்டும். இரவில் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி சாப்பிடுவோருக்கும் இதே சட்டம். ஆறு சப்பாத்தி சாப்பிட்டால் அதற்குப் பெயர் பத்தியம் அல்ல.

நல்ல வேளை, பண்டிகைக் காலத்தில் இந்த எல்லைப் பகுதிக்கு இயற்கையே மருந்தும் அனுப்புகிறது. மார்கழி, தையில் சந்தை முழுக்கப் பச்சை அவரை, மொச்சை. பிதுக்கம் பருப்புக் குழம்பு வைக்காத வீடு உண்டா? கொள்ளு இங்கேயே விளைகிறது. கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல், கீரை மசியல், உப்புச் சாறு எல்லாமே பாட்டி காலத்துச் சமையல். பயறு மெதுவாகச் செரிக்கும். சர்க்கரையை மெதுவாக ஏற்றும். பசியையும் தாங்கும். இதற்குச் சீமையிலிருந்து ஓட்ஸ் டப்பா வாங்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

விருந்தில் எப்படி உட்காருவது?

தட்டை மனதால் இரண்டாகப் பிரியுங்கள். பாதியில் காய், கீரை, பொரியல். மீதிப் பாதியை மறுபடி இரண்டாக்கி, ஒன்றில் சோறோ களியோ இட்லியோ; இன்னொன்றில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, அவரவர் வழக்கப்படி.

முதலில் காயையும் சுண்டலையும் சாப்பிடுங்கள். சோற்றைக் கடைசியில் தொடுங்கள். அதே சாப்பாடு, அதே அளவு. வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். இலையில் இனிப்பை முதலில் வைக்கும் வழக்கம் இருக்கட்டும். வைப்பது வழக்கம், முதலில் தின்ன வேண்டும் என்று சட்டம் இல்லை.

இனிப்பு வேண்டுமா? சாப்பாட்டோடு ஒரு சின்னத் துண்டு. அன்று சோற்றில் ஒரு கரண்டி குறையட்டும். வெறும் வயிற்றில் காலை 5 மணிக்கு எண்ணெய்க் குளியல் முடித்த கையோடு மூன்று அதிரசம் என்பது வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியைத் தேடாமல் 15 நிமிடம் தெருவில் நடங்கள். உடம்பின் தசை சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். நடக்கும்போது காலில் செருப்பு இருக்கட்டும். பல வருடச் சுகர்காரரின் காலுக்குச் சூடு தெரியாது. அணையாத மத்தாப்புக் கம்பியை மிதித்தாலும் மறுநாள்தான் பார்ப்பார்.

நைட் ஷிப்டுக்காரர் கவனிக்க

இரவு 2 மணிக்கு உடம்பு தூங்க நினைக்கிறது. அந்த நேரத்தில் பரோட்டா சால்னா உள்ளே போனால், பகலில் சாப்பிடுவதைவிடச் சர்க்கரை அதிகமாக ஏறும். ஷிப்டுக்குப் போகும் முன் வீட்டில் முறையாகச் சாப்பிட்டுவிட்டு, நடு இரவில் சுண்டல், மோர், வேகவைத்த முட்டை என்று லேசாக முடிப்பது நல்லது. காலையில் வீடு திரும்பிப் பண்டிகைப் பலகாரத்தோடு அப்படியே படுத்து உறங்குவதுதான் மிக மோசம்.

தீபாவளி போனசோடு பாட்டிலும் வருவதை மறைத்துப் பயனில்லை. ஜுஜுவாடி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் வாங்கினாலும் இந்தப் பக்கம் வாங்கினாலும் சாராயத்தின் வேலை ஒன்றுதான். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது ஈரல் தன் இருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும். சாராயம் அந்தக் கதவைச் சாத்திவிடும். மாத்திரையும் போட்டு, சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே மயக்கத்துக்குப் போகலாம். குடிக்காமல் இருப்பதே வழி.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இந்த வியாதி விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. வீடு தேடிப் போய் ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5ந் தேதி தொடங்கி வைத்தது இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 2024ல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை விருது கொடுத்தது. அதே ஆண்டு "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" என்று பாக்டரிகளுக்குள்ளும் சோதனையைக் கொண்டு போனார்கள்.

வீட்டு வாசலுக்கு மாத்திரை வந்துவிட்டது. தொழிலாளி கையை நீட்டுகிறாரா? அதுதான் கேள்வி.

நீட்டாததற்குக் காரணம் உண்டு. சோம்பல் பாதி. பயம் பாதி. "சுகர் இருக்குன்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட்டை நீட்டிக்க மாட்டாங்க. லைன்லேருந்து தூக்கிடுவாங்க." நிரந்தரத் தொழிலாளிக்கு இந்தப் பயம் குறைவு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும், வடக்கேயிருந்து வந்து அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞனுக்கும் இந்தப் பயம் நெஞ்சு நிறைய. மறைத்து வைக்கிறார்கள். மறைத்த சர்க்கரை சும்மா இருப்பதில்லை. கண்ணைத் தின்கிறது. சிறுநீரகத்தைத் தின்கிறது. காலைத் தின்கிறது. வேலையைக் காப்பாற்ற மறைத்தவர், கடைசியில் அந்த வேலையையே செய்ய முடியாதவராகிறார்.

இதைத் தீர்க்க வேண்டியவர் தொழிலாளி மட்டுமல்ல. ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எண்ணெய் போட்டு, ஒரு நாள் ஓய்வும் கொடுக்கிறார்கள். மெஷினை ஓட்டுகிற மனிதனுக்கும் அன்றைக்கு ஒரு சோதனை நடக்கட்டுமே! ஒரு சொட்டு ரத்தம். ஒரு நிமிட வேலை. முடிவு அவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியட்டும். "சுகர் இருப்பதற்காக யாரையும் வேலையை விட்டு எடுக்க மாட்டோம்" என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடட்டும். யூனியன்காரர்கள் போனஸ் பேச்சில் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும்.

ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு கிலோ இனிப்புக்குப் பதில் கால் கிலோ இனிப்பு, மீதிக்கு வறுத்த கடலை, பொட்டுக்கடலை, பாதாம் என்று கொடுத்தால் குடும்பமே சாப்பிடும். கேண்டீனில் ஒரு பானையில் சர்க்கரை போடாத டீ வைத்தால் செலவு கூடாது, குறையும்! மிட்டாய்க்கடைக்காரருக்கும் நஷ்டமில்லை. தீபாவளி சீசனில் காராமணிச் சுண்டலையும் நெய் குறைந்த கார வகைகளையும் முன் வரிசையில் அடுக்கினால் வாங்க ஆள் வருவார்கள்.

சோதனை எப்போது?

35 வயது தாண்டியவர், தொந்தி விழுந்தவர், அப்பா அம்மாவுக்குச் சுகர் உள்ளவர் மூவரும் பண்டிகைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் 100க்குள் இருந்தால் நல்லது. 126ஐத் தாண்டினால் சர்க்கரை வியாதி என்பது கணக்கு. மறுபடி ஒரு முறை சோதித்து உறுதி செய்வார்கள். ஏற்கனவே வியாதி உள்ளவர், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். முந்தின நாள் பத்தியம் இருந்து டாக்டரை ஏமாற்றும் வேலை அதில் பலிக்காது!

ஆரம்ப சுகாதார நிலையம், ஓசூர் அரசு ஆஸ்பத்திரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. கார்டு உள்ளவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. காசில்லை என்று சொல்ல இடமில்லை.

கடைசியாக, வீட்டில் பரிமாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்தை, மாமியார், அண்ணி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோருக்கும்தான். "ஒண்ணே ஒண்ணு சாப்பிடுப்பா, என்னா ஆயிடப் போவுது?" என்று பாசமாகத்தான் சொல்கிறீர்கள். பத்து வீட்டில் பத்துப் பேர் அதையே சொன்னால் அவர் வயிற்றில் பத்து லட்டு. அவர் "போதும்க்கா" என்றால் விட்டுவிடுங்கள். தட்டில் சுண்டல் வையுங்கள். "மாத்திரை போட்டியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த வருடப் பொங்கலுக்கும் அவர் சொந்தக் காலில் நடந்து உங்கள் வீட்டுக்கு வருவார்.